தாளில் விடுபட்ட சொல்

பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து நம் ஊர்களில் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து என்ன படிக்கப் போற?" நர்சிங், பி.காம்., பாலிடெக்னிக், போலீஸ் தேர்வு என்று பதில் வந்தால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. "வக்கீலுக்குப் படிக்கப் போறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் பேச்சு ஒரு நிமிடம் நின்றுவிடும். பிறகு அறிவுரை தொடங்கும். அதுவும் தலித் குடும்பத்துப் பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். நமக்கு ஏன் கோர்ட்டும் கச்சேரியும், நாலு வருஷத்தில் ஒரு அரசு வேலைக்குப் போகிற வழியைப் பார் என்பார்கள்.

சில நாட்களுக்கு முன் கொற்கையில் அப்படி ஒரு மாணவியைச் சந்தித்தோம். ஒரு காலத்தில் பாண்டியர்களின் துறைமுகமாக, முத்துக்குப் பேர்போன பட்டினமாக இருந்த ஊர். கடல் பின்வாங்கிப் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இன்று ஸ்ரீவைகுண்டம் வடகால் தண்ணீரை நம்பி வாழையும் நெல்லும் விளைகிற சிற்றூர். மாணவியின் அப்பா வாழைக்காட்டில் கூலி வேலை பார்ப்பவர். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். வீட்டில் பிளஸ் டூ வரை படித்த முதல் ஆள் அவள்தான்.

ஏன் சட்டம் என்று கேட்டோம். அம்பேத்கர் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தோம். அவள் சொன்னது ஒரு ரசீதைப் பற்றி.

அவள் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அண்ணனைச் சிலர் சாதி சொல்லித் திட்டி அடித்திருக்கிறார்கள். அப்பா காவல் நிலையத்துக்குப் போனார். காலையில் போனவர் இரவுதான் திரும்பினார். அவர் வாயால் சொன்ன புகாரை அங்கிருந்த ஒருவர் எழுதிக்கொண்டார். கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் கையில் ஒரு மனு ரசீது கொடுத்து, இரு தரப்பையும் அழைத்துச் சமாதானம் பேசி அனுப்பிவிட்டார்கள். அந்த ரசீதை வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் அவள்தான். "எங்க அப்பா சொன்னது ஒண்ணு சார், அதுல இருந்தது ஒண்ணு. குடிச்சிட்டு நடந்த வாய்த்தகராறுன்னு போட்டிருந்துச்சு. சாதிங்கிற வார்த்தையே அதுல இல்ல" என்றாள்.

எந்த நிலையம், எந்த அதிகாரி என்பது இங்கே தேவையில்லை. நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் இந்த அனுபவம் இல்லாத சேரியோ குடியிருப்போ அரிது. ஆனால் பதினான்கு வயதுப் பெண் தன் அறியாமையிலேயே சட்டத்தின் மிகச் சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறாள் என்பதை அவளிடம் சொன்னோம். வாசகர்களும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடமை தவறும் அரசு ஊழியரைப் பற்றியது. 2015-இல் திருத்தப்பட்டு, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வடிவத்தில், அந்தக் கடமைகள் என்னென்ன என்று ஒவ்வொன்றாக எழுதப்பட்டிருக்கின்றன. வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதிய பிறகு, கையெழுத்து வாங்குவதற்கு முன், சொன்னவருக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டும். இச்சட்டத்தின் உரிய பிரிவுகளில் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். அதன் நகலை உடனே கொடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே இவற்றைச் செய்யாவிட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. படித்துக் காட்டியிருந்தால் விடுபட்ட சொல் அந்த இரவே அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். (துறை விசாரணையின் பரிந்துரை வந்தால்தான் அந்த ஊழியர் மீது வழக்கு என்ற கதவையும் அதே பிரிவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவு எத்தனை முறை திறந்திருக்கிறது என்பது வேறு கதை.)

சட்டம் இல்லாமல் இல்லை. படித்துக் காட்டச் சொல்லிக் கேட்க ஓர் ஆள்தான் அந்த அறையில் இல்லை. அந்த ஆளாக ஆவதற்காகத்தான் அவள் சட்டம் படிக்க வேண்டும் என்கிறாள். ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் நமக்குத் தெரியவில்லை.

காயத்திலிருந்து பிறந்த காரணம் இது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் நம் பிள்ளைகள் பார்த்து வளர்வது எதை? 2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில், பள்ளியில் தனக்கு நடந்ததை வெளியே சொன்ன மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள்; தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். 2025 மார்ச்சில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து தேர்வு எழுதப் பேருந்தில் போன பிளஸ் ஒன் மாணவனை வழிமறித்து வெட்டியதில் அவன் கை விரல்கள் துண்டாயின. அதே ஆண்டு ஜூலை 27 அன்று, கொற்கைக்குப் பக்கத்து ஊரான ஆறுமுகமங்கலத்தின் மென்பொருள் பொறியாளர் பாளையங்கோட்டையில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. உள்விவரத்துக்குள் நாம் போகவில்லை. ஆனால் ஆகஸ்ட் 1 வரை உடலை வாங்காமல் அந்தக் குடும்பம் காத்திருந்த நாட்களில், ஏரல் வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் பள்ளிப் பிள்ளைகள் தூங்காமல் படுத்திருந்தார்கள் என்பதை அறிவோம்.

இப்படிப் பார்த்து வளரும் பிள்ளையின் முன் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று, நம் மாவட்டங்களுக்கு நன்கு பழகிய பாதை: பழிக்குப் பழி. அந்தப் பக்கத்தில் ஒருவன் செய்ததற்கு அந்தப் பக்கத்தில் எவன் கிடைத்தாலும் சரி என்ற கணக்கு. இந்தக் கணக்கில் இரு பக்கமும் ஏழை வீட்டுப் பிள்ளைகளே சாகிறார்கள், ஏழை வீட்டுப் பிள்ளைகளே பாளையங்கோட்டைச் சிறைக்குப் போகிறார்கள்.

இந்தக் கணக்கு எவ்வளவு பழையது என்பதற்குக் கொற்கையே சாட்சி. சிலப்பதிகாரம் என்றால் மதுரையோடு நினைவு நின்றுவிடுகிறது. கண்ணகி அங்கே செய்தது ஒரு வழக்காடல். ஆதாரத்தோடு வந்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து, கொற்கை முத்தாகவே இருந்திருக்கலாம். தன் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். ஆனால் அதன் பிறகு கொற்கையில் நடந்ததையும் அந்நூலின் உரைபெறு கட்டுரை சொல்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணியப் பொற்கொல்லர் ஆயிரம் பேரைப் பலிகொடுத்தான். சிலம்பைத் திருடிப் பழியைக் கோவலன் மேல் போட்டவன் ஒரே ஒருவன். மீதி 999 பேர் செய்த குற்றம், அதே தொழிலில் பிறந்தது.

அந்த மன்னனோடு அது முடியவில்லை. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்துக்குள் காவல் படை புகுந்தபோதும் இதே கணக்குதான். தேடப்பட்டவர்கள் சிலர், உடைக்கப்பட்டது ஊர் முழுவதும். டிவி, தையல் இயந்திரம், தானியம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று, படித்தும் வெளிநாடு போயும் அந்த மக்கள் சேர்த்ததைக் குறிவைத்து அழித்தார்கள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கியபோது இறந்த 17 பேரில் கைக்குழந்தையும் இருந்தது.

சட்டம் என்பது, எல்லாக் குறைகளோடும், "இதைச் செய்தவர் யார்?" என்று ஒருமையில் கேட்கிற ஏற்பாடு. அந்தச் சாதி, இந்த ஊர் என்று அல்ல. சாதியால் நசுக்கப்பட்டவர்களுக்கு இந்த ஒருமைக் கேள்வி மற்ற எவரையும்விட அதிகம் தேவை. அடிபட்ட வீட்டுப் பிள்ளை அரிவாளைப் பற்றி நினைக்காமல் சட்டக் கல்லூரியைப் பற்றி நினைக்கிறது என்றால், அந்த ஊரே அந்தப் பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கிறது.

"சட்டம் படித்து என்ன கிழித்தார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்களுக்கு விருத்தாசலம் பக்கத்து வழக்கு ஒன்றைச் சொல்கிறோம். தலித் இளைஞர் முருகேசன், பொறியியல் பட்டதாரி. அவர் மணந்த பெண்ணின் பெயரும் கண்ணகிதான். 2003 ஜூலை 8 அன்று இருவரும் ஊரார் பார்க்க நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார்கள். காவல் நிலையம் முதலில் புகாரை வாங்கவில்லை. செய்தி வெளியே வந்த பிறகு பதிந்த வழக்கில், கொல்லப்பட்ட முருகேசனின் உறவினர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தது. மதுரை வழக்கறிஞர் பொ.இரத்தினம் போன்றவர்கள் விடாமல் நின்றதால்தான் வழக்கு சிபிஐக்குப் போனது. 2021 செப்டம்பர் 24 அன்று கடலூர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. பொய்யாக வழக்கை ஜோடித்த காவல் அதிகாரிகள் இருவரின் தண்டனையும் அதில் அடக்கம். ஏறத்தாழ 22 ஆண்டுகள்! இதே வழக்கறிஞர்தான் மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்டோர் கொல்லப்பட்ட வழக்கிலும் நின்றவர். பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இல்லாதிருந்தால், விருத்தாசலம் வழக்கில் முருகேசனின் சொந்தங்களே சிறையில் கிடந்திருப்பார்கள்.

வன்கொடுமை வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர் என்பதால் நமக்குத் தனியாக வக்கீல் எதற்கு என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. திருத்தப்பட்ட சட்டத்தின் 15ஏ பிரிவைப் படித்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். எதிரிக்கு ஜாமீன் கேட்கும் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் தர வேண்டும். ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை என எந்தக் கட்டத்திலும் அவர் தன் தரப்பைச் சொல்லலாம். வழக்கறிஞர் உதவியைப் பெறலாம். இது சடங்குக்கு எழுதியதல்ல, கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஹரிராம் பம்பி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் வாழைத்தார் சுமக்கப் போனவருக்கு ஜாமீன் மனுவின் தேதியை யார் சொல்வது? எதிரி ஊருக்குள் திரும்பி வந்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஜாமீன் கிடைத்த செய்தியே நம் ஆட்களுக்குத் தெரிகிறது. அதன் பிறகு சாட்சி எப்படி நிற்கும்?

ஆர்வம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டப் படிப்பு வேறு, பைக்கில் 'வழக்கறிஞர்' ஸ்டிக்கர் ஒட்டுவது வேறு. வகுப்புக்கே போகாமல் வெளிமாநிலத்தில் பட்டம் வாங்கி வந்து கட்டப்பஞ்சாயத்து பேசுகிறவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டிய நிவாரணத்தில் பங்கு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மாணவி படிக்கப் போவது இவர்களிடமிருந்தும் நம் மக்களைக் காப்பாற்றத்தான்.

முன்னாள் நீதிபதி கே.சந்துருவின் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. 1971-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் உதயகுமார் இறந்தது குறித்து விசாரித்த ஆணையத்தின் முன் மாணவர்கள் தரப்பில் நின்றவர் அவர். அந்த அனுபவமே அவரைச் சட்டக் கல்லூரிக்கு அனுப்பியது. பின்னாளில் காவல் மரணமடைந்த ராஜாக்கண்ணுவின் மனைவிக்காக அவர் வாதாடியதைத்தான் 'ஜெய் பீம்' படமாகப் பார்த்தோம். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளிகளில் சாதியை ஒழிக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட ஒரு நபர் குழுவும் அவர்தான். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். ஒரு மாணவரின் மரணத்தால் சட்டத்துக்கு வந்தவர், அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு மாணவனுக்காக நம் மாவட்டத்தைப் பற்றி எழுதினார்.

படிக்கச் சேர்வது இன்று முன்பைப் போலக் கடினமில்லை. நெல்லையில் 1996 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பு, பட்டம் முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தகுதி மதிப்பெண் 40 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத இட ஒதுக்கீடு பொறியியலுக்கு மட்டுமல்ல, சட்டப் படிப்புக்கும் உண்டு. நம் ஆசிரியர்களில் பலருக்கே இது தெரியவில்லை. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளி மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

பட்டம் வாங்கிய பிறகுதான் சிக்கல். முன்பு வழக்கறிஞராகப் பதிவு செய்யவே பல மாநிலங்களில் பதினைந்தாயிரம், நாற்பதாயிரம் என்று கேட்டார்கள். 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தியது. சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். அதற்கு மேல் கேட்கக் கூடாது. ஒடுக்கப்பட்டவர்களைத் தொழிலுக்குள் விடாமல் தடுக்கும் கட்டணம் சமத்துவத்துக்கு எதிரானது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 125 ரூபாய் என்ற இந்த எண்ணை நம் மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

ஆனால் சீனியர் கிடைப்பதற்குக் கட்டணப் பட்டியல் கிடையாது. அது அப்பாவின் அறிமுகம், மாமாவின் அறிமுகம், சாதியின் அறிமுகம் வழியாக நடக்கிறது. வாழைக்காட்டுக் கூலிக்காரரின் மகளுக்கு நீதிமன்ற வளாகத்தில் எந்த மாமா இருக்கிறார்? லண்டனில் 1922-இல் பாரிஸ்டர் பட்டம் பெற்று, பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கிய அண்ணல் அம்பேத்கருக்கே வழக்குகளைக் கொண்டுவர ஆள் இல்லை. கணக்கியல் பயிற்சி நிலையம் ஒன்றில் பகுதி நேரமாக வணிகச் சட்டம் கற்பித்துத்தான் குடும்பத்தை ஓட்டினார். மகாடு குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமை வழக்கில் 1927-இல் பிரதிவாதியாக நிறுத்தப்பட்டு, 1937 மார்ச் 17 அன்று உயர் நீதிமன்றத்தில் வென்றவர் அவர். அந்தப் பத்து ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க அவருக்கு இன்னொரு வருமானம் தேவைப்பட்டது.

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச ஊதியமாகத் தரச் சொன்னது. பார் கவுன்சிலும் சுற்றறிக்கை விட்டது. தாலுகா நீதிமன்றங்களில் போய்ப் பாருங்கள். பஸ் செலவுக்குக் கிடைத்தால் பெரிய விஷயம் என்கிற ஜூனியர்களே அதிகம். இரண்டாவது ஆண்டிலேயே கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுத் தனியார் நிறுவனத்தில் வசூல் வேலைக்குப் போன தலித் பட்டதாரிகள் நமக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவர்களுடைய ஆர்வம் குறையவில்லை, அரிசிதான் தீர்ந்தது.

அம்பேத்கர் பிறந்த நாளுக்குத் தெருவுக்கு ஒரு பேனர் வைக்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓர் ஊரில் ஐந்து பேனருக்கு ஆகும் பணத்தில் ஒரு சட்ட மாணவிக்குப் புத்தகங்களும் விடுதிச் செலவும் எத்தனை மாதத்துக்கு நடக்கும் என்று விழாக் குழுவினர் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். தொழிலில் காலூன்றிவிட்ட நம் வழக்கறிஞர்கள், ஆளுக்கு ஒரு ஜூனியரைக் கிராமத்திலிருந்து எடுத்து, உயர் நீதிமன்றம் சொன்ன தொகையைக் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். மேடையில் சமூகநீதி பேசும் சீனியர்களுக்கும் இது பொருந்தும், அவர்கள் எந்தச் சாதியானாலும். அதுவரை பாதிக்கப்பட்டவர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று 2025 அக்டோபரில் அரசு அறிவித்தது. சட்டம் வரட்டும், வர வேண்டும். வந்த பிறகும் அதை ஒரு காவல் நிலைய மேசையில் எடுத்து வைத்து, "இந்தப் பிரிவில் பதியுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்" என்று கேட்க ஏரலிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் நாங்குநேரியிலும் ஆள் வேண்டும்.

கொற்கை மாணவியின் அப்பா நாங்கள் பேசுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "இவ வக்கீலானா அந்தப் பழைய தாள மாத்த முடியுமாய்யா?" என்று கேட்டார். அந்த விவகாரம் சமாதானம் என்று முடிக்கப்பட்டுவிட்டது, இனித் திறப்பது மிகக் கடினம் என்று உண்மையைச் சொன்னோம். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

விண்ணப்பத்துக்கான சான்றிதழ்களைக் காட்டச் சொன்னோம். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருந்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது அந்த உறையைத்தான் என்றாள். சான்றிதழ்களோடு அந்த மனு ரசீதும் வெளியே வந்தது, நான்காக மடித்தபடி. விண்ணப்பத்துக்கு அது தேவையில்லை. திரும்ப உறைக்குள் வைத்துக்கொண்டாள்.